நனைத்துப் பார்த்தால்தான் தெரியும்

புதுச்சேரியில் நூல் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு முதல் தொல்லை கடல் காற்று. பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தோடு நின்றுவிடும். மரக்கூழைக் கரைத்துச் செய்யும் விஸ்கோஸ் இழை 12, 13 வரை போகும். அதனால் 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்று வைத்த அறையில் மாதிரியை நன்றாக ஆறவிட்ட பிறகே சோதனையைத் தொடங்குவோம். ஐப்பசி மழையில் அந்த அறையின் ஏசி மக்கர் செய்தால், அன்றைக்கு எடுத்த கணக்கெல்லாம் வீண்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த கைலி நெசவாளர் ஒருவர் விஸ்கோஸ் நூலைக் காட்டிக் கேட்டார்: "பருத்தியும் செல்லுலோஸ்தான், இதுவும் செல்லுலோஸ்தான்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் சார், நனைஞ்சா இது மட்டும் இப்படித் தொய்யுது?"

நியாயமான கேள்வி. பொருள் ஒன்றுதான், உள்ளே அடுக்கியிருக்கும் விதம் வேறு. கடலூர் பக்கம் லாரியில் சவுக்குக் கட்டை ஏற்றுவதை வைத்தே அவருக்குச் சொன்னேன். ஒரே போக்கில் நெருக்கி அடுக்கிய இடம் அசையாது. கோணல்மாணலாகக் கிடக்கும் இடத்தில்தான் இடைவெளி. இழைக்குள் நெருக்கமான இடம் படிகப் பகுதி, மற்றது ஒழுங்கற்ற பகுதி. தண்ணீர் புகுவது இந்த இரண்டாவதில். புகுந்து, குளுக்கோஸ் அலகுகள் கோத்த செல்லுலோஸ் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்த்துவிடும். விஸ்கோஸில் இந்தப் பகுதி பருத்தியைவிட மிக அதிகம். போதாக்குறைக்கு, கூழைக் கரைத்த கரைசல் பிசின்போல இறுகிவிடாமல் இருக்க, தயாரிப்பிலேயே சங்கிலிகளை வேண்டுமென்றே குட்டையாக்குகிறார்கள். பருத்தியில் ஆயிரக்கணக்கில் கோத்திருக்கும் குளுக்கோஸ் அலகுகள் இங்கே சுமார் 300 ஆகிவிடும்.

உலர்ந்த நிலையில் சாதாரண விஸ்கோஸின் வலிமை டெக்ஸுக்கு (ஆயிரம் மீட்டர் இழை ஒரு கிராம் இருந்தால் ஒரு டெக்ஸ்) 20 முதல் 25 சென்டிநியூட்டன். நனைந்தால் ஏறக்குறைய பாதி. பருத்தியோ நனைந்தால் இன்னும் வலுவாகும்! சான்றிதழில் எல்லோரும் உலர் வலிமையைத்தான் முதலில் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஈர வலிமையும் ஈரத்தில் எவ்வளவு நீளுகிறது என்பதும்தான் இழையின் உள்ளமைப்பைக் காட்டிக்கொடுக்கும்.

உள்ளமைப்பின் சாயலைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. சின்னத் துளையிட்ட எஃகுத் தகட்டில் இழைக் கொத்தை நூலால் இழுத்து இறுக்கி, இருபுறமும் பிளேடால் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைப்போம். சீவல் சரியாக விழுந்தால் விஸ்கோஸின் ஓரம் நெளிநெளியாகப் பல்லுப்பல்லாகத் தெரியும். நுண்துளை வழியாகப் பீய்ச்சிய கரைசல் அமிலத் தொட்டியில் விழுந்ததும் மேல்தோல் முதலில் இறுகிவிடுகிறது. அப்புறம் உள்ளே இருப்பது சுருங்கச் சுருங்கத் தோல் மடிகிறது. தோலில் படிகங்கள் சிறியவை, நெருக்கமானவை. நடுவில் இருப்பவை பெரியவை. வலிமை அதிகம் இருப்பது தோலில்தான். தொட்டியில் துத்தநாக சல்பேட் சேர்ப்பதும் இதற்காகவே: இறுகுவது தாமதப்படும், இழை இளக்கமாக இருக்கும்போதே இழுத்து சங்கிலிகளை நேராக்கலாம். டயருக்குள் போடும் ரேயான் (விஸ்கோஸ் வகை) இழை முழுக்க முழுக்கத் தோலாகவே இருப்பது இந்த வித்தையால்தான்.

லையோசெல் என்ற இன்னொரு செல்லுலோஸ் இழையைச் சீவினால் கிட்டத்தட்ட வட்டம். கூழை நேரடியாகக் கரைப்பானில் கரைத்து, தொட்டிக்கு முன்னால் சிறு காற்று இடைவெளியில் இழுத்துவிடுகிறார்கள். சங்கிலியும் நீளம், அடுக்கும் நேர். வலிமை உலர்ந்தால் 40ஐ ஒட்டி, நனைந்தாலும் 35 பக்கம் நிற்கும்.

"அப்ப இதையே வாங்கிடலாமே சார்" என்றார் நெசவாளர். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். நீளவாக்கில் இவ்வளவு ஒழுங்காக அடுக்கியதில், பக்கவாட்டுப் பிடிமானம் குறைந்துபோகிறது. ஈரத்தில் தேய்த்தால் இழையின் மேற்பரப்பு நுண்ணிய கீற்றுகளாகப் பிரிந்து எழும். அடர் நிறத் துணியில் அது வெள்ளைப் பூத்த மாதிரி தெரியும். சாயப்பட்டறையில் துணியைக் கயிறாகத் திரித்து ஓட்டினால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் இதே கதை. அதனால்தான் பின்னர் என்சைம் கொடுத்துக் கீற்றுகளைச் சீராக்குகிறார்கள்.

கடைசியில் அவர் விஸ்கோஸையே எடுத்துக்கொண்டார், ஆனால் பருத்தி கலந்த நூலாக. பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு) கஞ்சி போட்டுக் காயவைக்கும்போது இழுவையைக் கூட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஈரத்தில் இழுத்த விஸ்கோஸ் அந்த நீளத்திலேயே காய்ந்துவிடும். முதல் சலவையில் கைலி சுருங்கினால் கடைக்காரர் பிடிப்பது அவரைத்தான்.