வூச் நகரத்து ஆங்கில வாத்தியார்

போலந்துக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தில், டிராமில் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் கைப்பேசியில் யாரிடமோ பத்து நிமிடம் ‘நோ, நோ, நோ’ என்று மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் பிள்ளை எதற்கோ அடம் பிடிக்கிறது போலும், பாவம், இவர் மறுத்து மறுத்துக் களைத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போலிஷ் பேச்சுவழக்கில் ‘நோ’ என்றால் ‘ஆமாம்’, ‘ம், சொல்லு’, ‘அப்புறம்’ என்றெல்லாம் பொருள் என்பதும், மறுப்பதற்கு ‘ன்யே’ என்று வேறொரு சொல் இருப்பதும் பிறகுதான் தெரியவந்தன. ஆங்கிலம் கற்பிக்க வந்த ஆளுக்கு ஆங்கிலத்தின் மிகச் சிறிய சொல்லே முதல் வாரத்தில் தலைகீழாகிப் போனது.

ஊரின் பெயரும் அப்படித்தான். எழுத்துகளைப் பார்த்தால் ‘லோட்ஸ்’ என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்போ ‘வூச்’. படகு என்று பொருள், நகரச் சின்னத்திலும் ஒரு படகு உண்டு. ஆனால் அந்தப் படகு மிதப்பதற்கு உருப்படியான ஆறு எதுவும் ஊருக்குள் கிடையாது. இருந்த சிற்றாறுகளில் பலவற்றை ஆலைகள் பெருகிய காலத்தில் நிலத்துக்கடியில் தள்ளி மூடிவிட்டார்கள். நொய்யலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் பெரிய வியப்பு ஏற்படவில்லை. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்வது போல வூச் நகரைப் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள். 1820களில் சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த சிற்றூர், நூற்பாலைகளும் நெசவாலைகளும் வந்து சேர, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோர் வாழும் நகரமாகிவிட்டது. 1990களில் ஆலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. போஸ்நான்ஸ்கி என்ற யூத முதலாளி செங்கல்லால் கட்டிய நெசவாலை வளாகம் 2006 முதல் ‘மனுஃபக்தூரா’ என்ற பெயரில் கடைவீதியாக இயங்குகிறது. அங்கே உட்கார்ந்து காபி குடிக்கும்போதெல்லாம், எங்கள் ஊரில் மில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் சாரிசாரியாக வெளியே வந்த காட்சிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

என்னை வேலைக்கு எடுத்தது ஒரு தனியார் மொழிப்பள்ளி. மாணவர்களில் பெரும்பாலோர் அலுவலகம் முடிந்து மாலையில் வருபவர்கள். வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம், தன் ஊழியர்களை எங்களிடம் அனுப்பிவந்த ஒரு நிறுவனம், ‘நேட்டிவ்’ ஆசிரியர்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. இங்கே மொழிப்பள்ளிகளில் இந்த ஒரு சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு: பிறப்பிலேயே ஆங்கிலம் பேசியவர், அதாவது பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தவர், முகமும் அதற்கேற்றாற்போல் இருந்தால் இன்னும் நல்லது. மேலாளர் என்னை அழைத்து, மனம் புண்படாதபடி சுற்றிவளைத்துப் பேசி, உரையாடல் வகுப்பிலிருந்து இலக்கண வகுப்புக்கு மாற்றினார். அன்று இரவு எனக்குக் கோபம்தான். ஆனால் இலக்கண வகுப்புக்குப் போன பிறகுதான், என் மாணவர்கள் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி நான் பத்தாம் வகுப்பில் செய்த அதே பிழைகள் என்பதைக் கவனித்தேன்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் ‘ஏ’, ‘தி’ இரண்டும் போலிஷ் மொழியில் கிடையாது, தமிழிலும் கிடையாது. இவர்கள் அந்த வேலையைச் சொல்வரிசையைக் கொண்டு செய்கிறார்கள். ‘மேசைமேல் புத்தகம் இருக்கிறது’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகம் மேசைமேல் இருக்கிறது’ என்றால் நாம் முன்பே பேசிய அந்தப் புத்தகம். தெரிந்தது முன்னால் வரும், புதியது பின்னால் வரும். நம் வாக்கியத்தின் நடையும் இதுவே. இங்கிலாந்துக்காரரான என் சக ஆசிரியர், ‘இங்கே ஏன் தி போடவேண்டும்’ என்று மாணவர் கேட்டால், ‘போடாவிட்டால் காதுக்கு நன்றாக இல்லை’ என்பார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் கேட்டவருக்கு அந்தக் காது இல்லையே. நான் கரும்பலகையில் அவர்களுடைய வாக்கியத்தையே இரண்டு வரிசைகளில் எழுதிக் காட்டுவேன். ‘இரண்டு வருடமாகப் படிக்கிறேன்’ என்பதற்கும் இதே கதை. அவர்களும் நம்மைப் போல நிகழ்காலத்தில்தான் அதைச் சொல்கிறார்கள். ஆங்கிலம் அதற்கென்று வைத்திருக்கும் வினைவடிவம் எங்கள் இரு சாராருக்கும் அந்நியம்.

இனி மரியாதை. இதைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. போலந்துக்காரர்கள் ஆங்கிலம் பேசும்போது முரட்டுத்தனமாகத் தெரிகிறார்கள் என்பது இங்கே வந்து கற்பிக்கும் ஆங்கிலேயர்கள் பலரிடம் நான் கேட்ட குறை. ‘காபி கொடுங்கள்’, ‘கதவைச் சாத்துங்கள்’ என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள், ‘உங்களால் முடியுமானால்’ என்ற குழைவு இல்லை என்பார்கள். போலிஷ் மொழியில் அறிமுகமில்லாத ஆணைப் ‘பான்’ என்றும் பெண்ணைப் ‘பானி’ என்றும் குறிப்பிட்டுப் படர்க்கையில்தான் பேசவேண்டும். ‘ஐயா உட்காரட்டும்’ என்பதுபோல. மரியாதை அந்த விளியிலும் வினையிலும் ஏற்கெனவே அடங்கிவிடுகிறது, தனியாக மேலே பூச வேண்டியதில்லை. ‘ங்க’ ஒட்டாமல் ஒரு வாக்கியத்தையும் முடிக்கத் தெரியாத கொங்கு நாட்டான் எனக்கு இது சொல்லாமலே புரிந்தது. ‘தண்ணி குடுங்க’ என்பதில் எந்த முரட்டுத்தனமும் இல்லை. ஆங்கிலம் தன் பழைய ஒருமை முன்னிலையைத் தொலைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே ‘யூ’ என்று ஆகிவிட்டதால், மரியாதையைக் காட்ட வேறு வழியின்றி ‘குட்’, ‘வுட்’, ‘பிளீஸ்’ என்று அடுக்குகிறது. இதை இப்படிச் சொன்ன நாளில், வகுப்பில் எப்போதும் கைகட்டி அமர்ந்திருக்கும் ஒரு கணக்காளர் முதல்முறையாகப் பேனாவை எடுத்துக் குறிப்பெழுதினார். அவர் என்னை வெறும் பெயர் சொல்லி அழைக்க மனமில்லாமல், பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஆங்கிலத்தில் அது பிழை என்று திருத்தியிருக்கவேண்டும். நானும் என் ஆசிரியர்களைப் பெயரோடு ‘சார்’ சேர்த்து அழைத்தவன் என்பதால் விட்டுவிட்டேன்.

அவர்கள் பெருமையும் அலுப்பும் கலந்து சொல்லிக்கொள்வது தங்கள் மொழியின் ஏழு வேற்றுமைகளைப் பற்றி. எங்களிடம் எட்டு இருக்கிறது என்றேன், நம்பவில்லை. அவர்களுடைய ஏழாவது வேற்றுமைக்கு ‘வோவாச்’ என்று பெயர், அழைத்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல். நம்முடைய எட்டாவதும் விளிதான். முருகன் ‘முருகா’ ஆவது போல, மாரெக் ‘மார்க்கு’ ஆகிறார், அன்னா ‘அன்னோ’ ஆகிறார். கடவுளை அழைப்பதற்கும் அதுவேதான் என்று அவர்கள் சொன்னார்கள், எங்களுக்கும் அப்படியே என்றேன்.

மரியாதைச் சொற்கள் பொருந்திப்போவதால் மனிதர்கள் எளிதில் பழகிவிடுவார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. தெருவில் முகத்துக்கு முகம் பார்த்தால் புன்னகைக்க மாட்டார்கள். காரணமில்லாமல் சிரிப்பவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்ற எண்ணம் இங்கே இன்னும் உண்டு. டிராமில் என்னை வெறித்துப் பார்த்தவர்கள் உண்டு. வீடு தேடிய நாள்களில், என் உச்சரிப்பைக் கேட்டதும் வாடகைக்கு விட்டாயிற்று என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளும் அதே விளம்பரத்தைப் போட்டிருந்த வீட்டுக்காரர் ஒருவரும் உண்டு. ஆனால் மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலோ குடியிருப்பின் மின்தூக்கியிலோ நுழைகிறவர், அங்கிருக்கும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லாமல் இருப்பது அரிது. முதல் குளிர்காலத்தில், மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் டிசம்பரில், அந்த ஒற்றைச் சொல்லுக்காகவே நான் மின்தூக்கியில் ஏறியிருக்கிறேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

‘எப்படி இருக்கிறீர்கள்’ என்ற பாடம்தான் நான் நடத்தியவற்றிலேயே கடினமானது. நலம், நன்றி, நீங்கள் எப்படி என்று மூன்று துண்டுகளில் பதில் சொல்லவேண்டும் என்றேன். காலையில் தண்ணீர்க்குழாய் உடைந்து வீடு நனைந்திருக்கிறது, நான் எதற்கு நலம் என்று பொய் சொல்லவேண்டும் என்று ஒருவர் கேட்டார். அவர்கள் மொழியில் இந்தக் கேள்விக்குப் பதிலாகப் ‘பழைய வறுமைதான்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. ‘யாகோஷ் லெச்சி’ என்று இன்னொன்று. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘எப்படியோ பறக்கிறது’ என்று வரும், நம் தமிழில் அது ‘ஏதோ ஓடுது’. தன் துன்பத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்வதும், எதிரில் இருப்பவர் தன் துன்பத்தை அதற்கு மேல் ஒரு படி வைப்பதும் இங்கே நட்பின் தொடக்கம். நாட்டையும் அரசையும் ரயிலையும் அவர்கள் திட்டும்போது கூடச் சேர்ந்து திட்டாமல் தலையாட்டிக்கொண்டிருப்பதே வெளியூர்க்காரனுக்கு நல்லது. ஒருமுறை நானும் சேர்ந்துகொண்டேன். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது.

குறை என்று சொல்லவேண்டுமானால் எனக்கு ஒன்று உண்டு. தேர்வில் பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டாதவன் இங்கே நல்ல நண்பனாகக் கருதப்படுவதில்லை. பிட்டுக்கு அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது, சொல்லும்போது குரலில் கூச்சமும் இல்லை. நாற்பது வயது வங்கி அதிகாரிகள் இருவர் என் மாதத் தேர்வில் கையும் களவுமாகப் பிடிபட்டுச் சிரித்தார்கள். அந்நியர் ஆண்ட நாட்டில் விதியை ஏமாற்றுவது சாமர்த்தியமாகிவிட்டது என்று ஒரு மாணவி விளக்கம் சொன்னார். வரலாற்றை வைத்து எதற்கும் விளக்கம் சொல்லிவிடலாம்; நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

வரலாறு மற்ற இடங்களில் அவ்வளவு இலேசாகக் கடந்துபோவதில்லை. 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் இந்த நாடு வரைபடத்திலேயே இல்லை. ரஷ்யா, ஜெர்மானிய அரசான பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 1901இல் பிரஷ்யர் வசமிருந்த வ்ஷெஷ்னியா என்ற ஊரில், மதப்பாடத்தை ஜெர்மன் மொழியில் படிக்க மறுத்த பள்ளிப் பிள்ளைகள் அடிவாங்கினார்கள். மொழிக்காகப் பிள்ளைகள் அடிவாங்கிய கதையைத் தமிழனுக்கு விளக்கவேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வூச் நகரில் மூன்றில் ஒருவர் யூதர். போலிஷ், யூதர்கள் பேசிய இத்திஷ், ஜெர்மன் எல்லாம் ஒரே தெருவில் கேட்ட ஊர், போருக்குப் பின் ஏறக்குறைய ஒரே மொழி பேசும் ஊராகிவிட்டது. அடுத்து வந்த கம்யூனிச ஆட்சிக் காலத்தில் பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயம். அதனால்தான் ஐம்பதைத் தாண்டிய என் மாணவர்கள் பலருக்கு ஆங்கிலம் அறுபதுக்கு அருகில் வந்து சேர்ந்த மொழி.

அவர்களில் ஒருவர் நெசவாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மையார். 2004 மே மாதம் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட பெருங்கூட்டத்தோடு அவருடைய மகளும் போய்விட்டார். அங்கே பிறந்த பேரனுக்குப் போலிஷ் புரியும், பேச வராது. பேரனோடு பேசுவதற்கென்றே வாரம் இருமுறை வந்தார். அந்த ஆண்டு மகள் வர இயலாததால், டிசம்பர் 24 அன்று இரவு விருந்துக்கு என்னை அழைத்தார். கையில் பூங்கொத்தோடு வாசலிலேயே கைகுலுக்கப் போனேன். வாசற்படிக்கு மேல் கைகொடுத்தால் ஆகாது என்று உள்ளே இழுத்துக்கொண்டார். எங்கள் பாட்டியும் நிலைப்படியில் நின்று எதையும் வாங்கவிடமாட்டாள். செருப்பைக் கழற்றியதும் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் துணிச்செருப்பு ஒன்று தந்தார்.

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல், பன்னிரண்டு வகை உணவு, எதிலும் இறைச்சி கிடையாது. கெண்டைமீன், பீட்ரூட் சாறு, முட்டைக்கோசும் காளானும் பூரணமாக வைத்த பியெரோகி. அதை நம் சோமாசுக்கும் கொழுக்கட்டைக்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம். சாப்பிடுவதற்கு முன் மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் ஒடித்துக்கொண்டு வாழ்த்துச் சொல்கிறார்கள். எதிர்பாராமல் வரும் விருந்தினருக்காக ஓர் இருக்கையும் தட்டும் காலியாக வைப்பது வழக்கம் என்று படித்திருந்தேன், ஆகவே நேராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அம்மையார் என்னை எழுப்பி அடுத்த நாற்காலிக்கு மாற்றினார். நான் அழைப்பின் பேரில் வந்தவன், எனக்கு வேறு தட்டு. அது வராதவருக்கு உரியது, அப்படியே இருக்கட்டும் என்றார்.

சாப்பாட்டின் நடுவில் இங்கிலாந்திலிருந்து காணொளி அழைப்பு வந்தது. பேரன் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, பாட்டி, ஹவ் ஆர் யூ என்று கேட்டான். மூன்று துண்டுப் பதிலை அவர் என்னிடம் எட்டு வாரம் படித்திருந்தார். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பி, ‘சம்ஹவ் இட் ஈஸ் ஃப்ளையிங்’ என்றார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். பிழையா என்று அவர் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். ‘நோ’ என்றேன், போலிஷிலா ஆங்கிலத்திலா என்று சொல்லவில்லை.