நீலம் எங்கே போனது?

டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படங்கள் கைக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் தினமும் நான்கு தடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன். வெளிறிய எண்முகப் படிகம், அதற்குள் மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் தங்கம். விளக்கொளி பட்டால் தண்ணீரில் உள்ள மாசை நீக்கும் தூள்தான் இலக்கு. இதற்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதில் பாதியை நானே வீணடித்தேன் என்பதால் எழுதி வைக்கிறேன்.

மாஃப் பக்கம், அதாவது உலோகமும் கரிம மூலக்கூறும் கோத்த நுண்துளைச் சட்டகத்தின் பக்கம், பெரிய தொல்லை இல்லை. அமினோ யுஐஓ-66தான், சிர்கோனியம் டெட்ராகுளோரைடு, அமினோ டெரெப்தாலிக் அமிலம், டிஎம்எஃப் கரைப்பான், ஆட்டோகிளேவ் என்ற மூடிய அழுத்தக் கலத்தில் 120 டிகிரி, ஒரு நாள். வெளிர் மஞ்சள் தூள் வந்துவிடும். சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மழைக்காலத்தில் அந்த சிர்கோனியம் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசாதீர்கள். ஈரக்காற்று பட்டதும் புகையும். அடுத்த வாரம் நீங்கள் எடை போடுவது வேறு பொருளாக இருக்கும்.

தங்கம்தான் படுத்தியது. தங்க உப்பை நானோ துகளாக்க 1951-இல் துர்கேவிச் குழு சொன்ன சிட்ரேட் முறை, எம்எஸ்சி பிராக்டிகலிலேயே செய்தது, ஒயின் சிவப்பு வராமல் எங்கே போகும் என்ற மிதப்பு. முதல் மூன்று தடவையும் ஊதா. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்தான் அந்த நிறம் வரும். கெமிக்கல் பழசா, ஹீட்டர் சரியில்லையா என்று ஒரு மாதம் தேடினேன். கடைசியில் பீக்கரைக் கழுவிய போர்த் தண்ணீர்தான் காரணம். எங்கள் லேப் பக்கத்துத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரியும். தங்கமும் அப்படித்தான் திரிந்திருக்கிறது. சிட்ரேட்டின் மின்சுமையால் விலகி விலகி நிற்கிற துகள்களை உப்பு நெருங்க விட்டுவிடுகிறது. இராஜதிராவகத்தில் கழுவி, டிஐ (அயனி நீக்கிய) தண்ணீரில் அலசி முடித்த அன்றே சிவப்பு வந்தது, ஒளி உறிஞ்சலில் 520 நானோமீட்டரில் அழகான முகடு. அந்தச் சந்தோஷத்தில், மாஃப் தங்கத்தைச் சுற்றி வளரட்டும் என்று சிர்கோனியக் கரைசலில் அப்படியே ஊற்றினேன். ஒரே நிமிடத்தில் கறுத்தது. அமிலமும் குளோரைடும் நிறைந்த கரைசலை சிட்ரேட் தாங்காது. ஓர் இரவு முழுக்க பிவிபி என்ற பாலிமரோடு கலக்கி, துகள்களுக்குப் போர்வை போர்த்திய பிறகுதான் வழிக்கு வந்தது.

அடுத்தது வெளியில் சொல்ல வெட்கப்பட்ட கதை. மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைத் தூள் சிதைக்கிறதா என்று பார்க்க, அதன் கரைசலில் தூளைப் போட்டு செனான் விளக்கை ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் 90 சதவீத நீலம் காணவில்லை. அன்று இரவே கைடு சாருக்கு கிராஃப் போனது. வீட்டுக்குப் போகும் வழியில் பால்கோவாகூட வாங்கினேன். மறுநாள் சென்ட்ரிஃபியூஜ் டியூபைக் கழுவப் போன ஜூனியர் கேட்டாள்: "அக்கா, தூள் ஏன் இப்படி நீலமா இருக்கு?"

எத்தனால் ஊற்றிக் குலுக்கினேன். நீலம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. சாயம் சிதையவே இல்லை, நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு கிராம் தூளில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு என்று செமினாரில் முழங்கியவளுக்கு, அந்தப் பரப்பு சாயத்தையும் உறிஞ்சும் என்று தோன்றவில்லை. விளக்கைப் போடும் முன் இருட்டில் கலக்க வேண்டும், கரைசலில் சாயத்தின் அளவு இறங்குவது நிற்கும் வரைக்கும். வழக்கமாக எல்லாரும் எழுதும் 30 நிமிடம் என் தூளுக்குப் பற்றவில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. போதாததற்கு, மெத்திலீன் ப்ளூவே 664 நானோமீட்டரில் ஒளியை வாங்கிக்கொண்டு தானாகவும் கொஞ்சம் சிதையும். விளக்கு மட்டும், தூள் மட்டும், தங்கம் சேர்க்காத மாஃப்: இந்த மூன்று சோதனையையும் முதல் நாளே செய்துவிடுங்கள். சாருக்கு ஃபோன் போட்டுச் சொன்னபோது, "சரிம்மா, பேப்பர் அனுப்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

டெம் அலைச்சல் தனி. எங்களிடம் கருவி கிடையாது, ஊரின் மறுகோடியில் ஒரு மையத்துக்குத்தான் போக வேண்டும். பத்து மணி ஸ்லாட்டுக்காகத் தாம்பரத்தில் ஏழு மணிக்கே ரயிலேறிப் போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் புரட்டினார். "எச்ஓடி சீல் இல்லையேம்மா." ஃபோனில் ஸ்கேன் வரவழைத்தேன். "ஒரிஜினல்ல வேணும்." படிவத்தில் சீலுக்கென்று கட்டமே இல்லை, அதையும் காட்டினேன். "எல்லாருக்கும் தெரியுமே" என்றார். அடுத்த ஸ்லாட் ஐந்து வாரம் கழித்து. இப்போதெல்லாம் எந்தப் படிவமானாலும் வெற்றிடம் கண்ட இடத்தில் சீல் வாங்கிவிடுகிறேன்.

இரண்டாவது முறை சீல் இருந்தது, மாஃப்தான் இல்லாமல் போனது. எலக்ட்ரான் கற்றை நீண்ட நேரம் பட்டால் சட்டகம் குலைந்துவிடும். ஃபோகஸ் வைப்பதற்குள் என் படிகத்தின் ஓரங்கள் கண் முன்னே மழுங்கின. மூன்றாவது முறை ஆபரேட்டர் அண்ணனிடம் முதலிலேயே சொன்னேன்: டோஸ் குறைவாக வையுங்கள், ஃபோகஸ் ஒரு படிகத்தில், படம் பக்கத்துப் படிகத்தில். தங்கம் உள்ளே இருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவரே பொறுமையாகச் சாய்த்துச் சாய்த்துப் பல கோணத்தில் எடுத்துத் தந்தார். நல்ல மனுஷன்.

இப்போது சாயத்தைக் கைவிட்டு, குரோமியத்தின் நச்சு வடிவமான குரோமியம் ஆறுக்கு மாறியிருக்கிறேன். குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வாங்கிய குரோம்பேட்டையைத் தினமும் ரயிலில் கடக்கிறவளுக்கு இது முன்பே தோன்றியிருக்கலாம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. குரோமியம் ஆறோடு டைபினைல்கார்பசைடு சேர்ந்து தரும் நிறத்தை 540 நானோமீட்டரில் அளப்போம். கசிந்த தங்கம் இருந்தால் அதுவும் அங்கேயே தலைகாட்டும். 0.22 மைக்ரான் ஃபில்டரில் 15 நானோமீட்டர் துகள் சுலபமாக நழுவிவிடும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் கார்பசைடு சேர்க்காத ஒரு ஜோடிக் குப்பி வைக்கிறேன்.

நேற்று முதல் செட் முடிந்தது. இருட்டில் இரண்டு மணி நேரம் நின்ற கோடு, விளக்கு போட்டதும் இறங்கியது. தங்கம் இல்லாத தூளைவிட வேகமாகவே இறங்கியது. கிராஃபை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. ஜூனியரைக் கூப்பிட்டு, முதலில் தூளைப் பார்க்கச் சொன்னேன்.