மதுரையில் ஓராண்டு தங்க வருகிறவர்கள் ஜப்பானின் மருத்துவக் காப்பீட்டை என்ன செய்வது?

ஜப்பானின் நாகோயா நகரில் மொழிபெயர்ப்பைச் சொந்தத் தொழிலாகச் செய்துவரும் நானும் என் மனைவியும், அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் பழையபடி நடமாடும் வரை கூடவே இருப்பதற்காக, ஓராண்டுக்கு மேல் மதுரை திருநகரில் வந்து தங்குவது என்று முடிவெடுத்தோம். வீட்டைக் காலி செய்வதையும் சாமான்களை ஒதுக்குவதையும் விட அதிக யோசனை தேவைப்பட்டது, அங்குள்ள தேசிய மருத்துவக் காப்பீட்டை என்ன செய்வது என்பதற்குத்தான். இப்படி நீண்ட நாள் தங்க ஊருக்கு வரும் நம்மவர்கள் பலர் இதைக் கடைசி வாரத்தில்தான் நினைக்கிறார்கள் என்பதால், எங்களுக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

செய்தியைச் சொன்னவுடன் சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி. “வருசம் பூரா இங்கதானப்பா இருக்கப் போற, பெறகு அங்க எதுக்குப் பணம் கட்டிக்கிட்டு இருக்கணும்?” நம் ஊரில் பாலிசி வேண்டாமென்றால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். கொகுமின் கென்கோ ஹோக்கென் எனப்படும் ஜப்பானின் தேசிய மருத்துவக் காப்பீடு அப்படிப்பட்டதன்று. 1961இல் அந்நாடு தன் மக்கள் அனைவரையும் பொதுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் உரிமையுள்ள வெளிநாட்டினரும் அதில் இருந்தாக வேண்டும். நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கு நிறுவனத்தின் வழியான காப்பீடு உண்டு. எங்களைப் போன்ற சொந்தத் தொழில்காரர்களும் மாணவர்களும் நகராட்சி அலுவலகத்தின் வழியாகத் தேசியக் காப்பீட்டில் சேர்கிறோம். பிரீமியம் முந்தைய ஆண்டு வருமானத்தைப் பொறுத்தது. சிகிச்சைச் செலவில், எழுபது வயதுக்குட்பட்ட பெரியவர்கள் 30 சதவீதம் கட்டினால் போதும். விருப்பமில்லை என்று அதிலிருந்து விலக வழியே இல்லை. நகராட்சியில் பதிந்த முகவரி அந்த ஊரில் இருக்கும் வரை காப்பீடும் இருக்கும். முகவரியை நீக்கினால் காப்பீடும் நீங்கும். ஆகவே யோசிக்க வேண்டியது காப்பீட்டைப் பற்றியன்று, நாம் உண்மையில் எங்கே குடியிருக்கப் போகிறோம் என்பதைப் பற்றி.

ஓராண்டுக்குள் திரும்பிவிடுவோம் என்றால் பொதுவாக முகவரியை நீக்கத் தேவையில்லை. பிரீமியம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அது வீண் பணமன்று. வெளிநாட்டில் தற்காலிகமாக இருக்கும்போது எதிர்பாராமல் நோய் வந்து சிகிச்சை பெற்றால், அந்தச் செலவின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் உரிமை அதில் அடங்கியிருக்கிறது. முன்பொரு முறை விடுமுறைக்கு வந்திருந்தபோது என் மனைவிக்கு டெங்கு வந்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் கொடுத்த பில்லில் ‘மருத்துவமனைச் செலவு’ என்று ஒரே வரியும் கீழே ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. ஜப்பானிய நகராட்சிக்கு அது போதாது. படுக்கைக் கட்டணம், தினமும் எடுத்த பிளேட்லெட் பரிசோதனை, ஏற்றிய குளுக்கோஸ், மருந்துகள் என்று தனித்தனியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்கினோம். அதோடு, நாகோயாவிலிருந்து கொண்டுவந்திருந்த படிவத்தில் நோயின் பெயர், அந்த நோய்க்குரிய வகைப்பாட்டு எண், அளித்த சிகிச்சை ஆகியவற்றைச் சிகிச்சை அளித்த மருத்துவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும். உள்நோயாளிக்கு ஒரு படிவம், வெளிநோயாளிக்கு ஒரு படிவம், மாதம் மாறினால் இன்னொன்று. பிறகு எல்லாவற்றையும் வரிவரியாக ஜப்பானியத்தில் பெயர்த்து, பெயர்த்தவரின் பெயரும் முகவரியும் எழுதி, பாஸ்போர்ட்டில் பயண முத்திரைகள் உள்ள பக்கங்களின் நகலையும் சேர்த்து, பணம் கட்டிய இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

திரும்பக் கிடைக்கும் தொகையை, அதே சிகிச்சைக்கு ஜப்பானில் ஆகும் செலவை அளவாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். நாம் உண்மையில் கட்டியது அதைவிடக் குறைவாக இருந்தால் கட்டிய தொகையே அடிப்படையாகிறது. அமெரிக்காவில் சிகிச்சை பெற்றவருக்கு இந்தக் கணக்கில் பெரும் பகுதி கைவிட்டுப் போகும். மதுரைச் செலவுக்கோ, நம் பங்கான 30 சதவீதம் போக மீதி ஏறக்குறைய முழுவதும் கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சிகிச்சை பெறுவதற்காகவே ஊருக்கு வந்தால் இது கிடைக்காது.

ஓராண்டுக்கு மேல் என்றால் கதை வேறு. புறப்படுவதற்கு 14 நாட்களுக்கு முன்பிருந்தே, வெளிநாடு செல்வதாக நகராட்சியில் அறிவித்து முகவரியை நீக்கலாம். தேசியக் காப்பீடும் அதோடு முடிந்து, பிரீமியம் பொதுவாக அதற்கு முந்தைய மாதம் வரை கணக்கிட்டுத் தீர்க்கப்படும். பின்னால் வரக்கூடிய வரிப் பாக்கியைக் கட்ட அங்கேயே ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்துவிட்டு வருவது நல்லது. உள்ளூர் வரி, ஜனவரி 1 அன்று முகவரி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து விதிக்கப்படுவதால், டிசம்பரில் புறப்படுவதற்கும் ஜனவரியில் புறப்படுவதற்கும் ஓர் ஆண்டு வரியே வித்தியாசம். விசாவையும் கவனிக்க வேண்டும்: அதே விசாவில் ஜப்பானுக்குத் திரும்ப விமான நிலையத்தில் எளிதாகக் கிடைக்கும் மறுநுழைவு அனுமதி ஓராண்டுக்கு மட்டுமே, அதைத் தாண்டுமென்றால் ஐந்தாண்டு வரை செல்லும் அனுமதியை முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

முகவரியை நீக்காமலே இரண்டு ஆண்டு ஊரில் இருந்துவிட்டு, நோய் வந்தால் அங்கே விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நடக்காது. பயண முத்திரைகளைப் பார்த்து, இவர் அங்கே குடியிருக்கவே இல்லை என்று நகராட்சி மறுத்துவிடும். பல் வைத்தியத்துக்காக ஒரு மாதம் போய் முகவரியைப் பதிந்து, முடிந்ததும் நீக்கிவிட்டு வருவதும் எனக்கு உடன்பாடில்லை. நோயில்லாத ஆண்டுகளிலும் கட்டிக்கொண்டே இருக்கும் பல கோடிப் பேரின் பணத்தில்தான் அந்த 70 சதவீதம் வருகிறது.

இதையெல்லாம்விட முக்கியமானது, விலகிய பிறகு இங்கே நமக்கு என்ன பாதுகாப்பு என்பது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. எங்களைப் போன்றவர்கள் தனியார் பாலிசிதான் எடுக்க வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. ஜப்பானுக்குத் திரும்பி முகவரியைப் பதிந்த நாளிலிருந்தே காப்பீடு தொடங்கிவிடும்; சர்க்கரை இருக்கிறதா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, புற்றுநோய் வந்து போனதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே புதிதாகப் பாலிசி எடுத்தால், விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும். ஏற்கனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 2024க்கு முன் அது நான்கு ஆண்டு வரை இருந்தது. கண்புரை, குடலிறக்கம், முழங்கால் மாற்று போன்றவற்றுக்கும் பல பாலிசிகளில் தனிக் காத்திருப்பு உண்டு. ஜப்பானில் எத்தனை ஆண்டு பிரீமியம் கட்டியிருந்தாலும் இங்கே அது கணக்கில் சேராது. பாலிசியை மாற்றும்போது பழைய ஆண்டுகளை எடுத்துக்கொண்டு போகும் வசதி இந்திய நிறுவனங்களுக்குள் மட்டுமே.

எனவே ஆபத்து ஜப்பானின் காப்பீட்டை விட்டு வெளியே வருவதில் இல்லை. இந்தியாவின் காப்பீட்டுக்குள் தாமதமாக நுழைவதில்தான் இருக்கிறது. என்றாவது ஊரில் தங்க நேரும் என்று தோன்றுகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கும்போதே, உடம்பு நன்றாக இருக்கும் வயதிலேயே, ஐந்து லட்ச ரூபாய்க்காவது ஒரு குடும்பப் பாலிசியை இங்கே எடுத்து ஆண்டுதோறும் விடாமல் புதுப்பித்து வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்களுக்கு அப்படியொரு பாலிசி இருந்ததால்தான், என் இரத்த அழுத்தத்துக்கான காத்திருப்புக் காலம் நாங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டதால், முன்பிருந்த 18 சதவீதச் சுமையும் இப்போது இல்லை. பாலிசி எடுக்கும்போது இருக்கும் நோயை மறைக்காமல் எழுதிவிடுங்கள். அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால் வாடகை மட்டுமன்றி மற்றச் செலவுகள் சிலவும் அதே விகிதத்தில் வெட்டப்படும்.

ஜப்பானுக்குத் திரும்பியதும் 14 நாட்களுக்குள் நகராட்சிக்குச் சென்று முகவரியைப் பதிய வேண்டும். காப்பீட்டில் மீண்டும் சேர்வதும் அப்போதே முடிந்துவிடும். தாமதித்துப் போனாலும் பிரீமியம் வந்து குடியேறிய மாதத்திலிருந்தே கணக்கிடப்படும். ஆனால் அந்த இடைவெளியில் பார்த்த வைத்தியத்துக்கு முழுத் தொகையையும் நாமே கட்ட நேரலாம். ஆகவே பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. மதுரைப் பாலிசியை அப்போதும் நிறுத்திவிட வேண்டாம்.