ஓடப் பிடிக்கலைன்னா அது மடி இல்ல

ஓடப் பிடிக்கலைன்னு சொல்ற நெடுந்தூர ஓட்டப் பிள்ளைகளை ‘மடி புடிச்சவன்’னு, அதாவது சோம்பேறின்னு, சொல்றதை நம்ம ஊர்க்காரங்க விடணும். அது மிகைப்பயிற்சியா இருக்கலாம்: உடம்பைத் தேற விடாமல் ஓடிக்கிட்டே இருக்கிறதால வர்ற தளர்ச்சி. பாளையங்கோட்டையில் என்கிட்ட 10,000 மீட்டருக்குப் பயிற்சி எடுக்கிற பையனை அவன் அம்மாவே அப்படித்தான் சொன்னாங்க. அவன் சொன்னது வேற: “கால் வலி கூட பரவால்ல சார். ஓடவே பிடிக்க மாட்டேங்கு. ராத்திரி ஒறக்கமும் இல்ல.”

காலையில் பாயை விட்டு எந்திரிக்கும் முன்னே நாடி பார்த்து எழுதச் சொல்லியிருந்தேன். ஐம்பதை ஒட்டியே நிற்கிற நாடி, நோட்டில் அறுபதைத் தாண்டியிருந்தது. உடம்பு இன்னும் தேறலைங்கிறதுக்கு அது ஒரு அடையாளமா இருக்கலாம். சாப்பாட்டைக் கேட்டால், கடுங்காப்பி குடிச்சிட்டு சீவலப்பேரி ரோட்டில் ஓட்டம், அப்படியே வேலை, மத்தியானம்தான் முதல் சோறு.

ஓடினால் தசையில் நுண்ணிய சேதம் வரும். அதைச் செப்பனிட அழற்சி, அதாவது காயத்தை ஆற்ற உடம்பு காட்டுற எதிர்வினை, வரணும், வந்து அடங்கணும். அப்போதான் கால் வலுக்கும். வேலை செய்ற தசையே இன்டர்லூகின்-6ங்கிற, அழற்சியோட தொடர்புள்ள சேதிப் புரதத்தை ரத்தத்தில் விடும். மாரத்தான் முடிச்சவங்களுக்கு அது நூறு மடங்கு வரை ஏறி, பிறகு இறங்கிடும். தசையில் சேர்த்து வைக்கிற சர்க்கரைச் சத்தான கிளைக்கோஜன் குறைஞ்சிருந்தா அந்த ஏற்றம் இன்னும் கூடும். ஓடின பிறகு சோறு போடாம மறுநாளும் ஓடுறவனுக்குக் கிளைக்கோஜன் எப்படி நிரம்பும்?

2000இல் உடற்பயிற்சி ஆய்வாளர் லூசில் ஸ்மித் ஒரு கருத்தை வைத்தார். அழற்சியை அடங்க விடாமல் ஓடிக்கிட்டே இருந்தா, சைட்டோகைன்கள் (இன்டர்லூகின்-6 மாதிரியான சேதிப் புரதங்கள்) உடம்பு முழுக்கப் பரவி மூளைக்கும் சேதி போயிரும். காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு வர்ற சோர்வும் பசியின்மையும் மனத்தளர்வும் இவனுக்கும் வரும். இன்னும் முழுசா நிரூபணமாகல. மிகைப்பயிற்சியை உறுதியாச் சொல்ற ஒற்றை ரத்தப் பரிசோதனையும் கிடையாது, அழற்சியைக் காட்டுற சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை நார்மல்னு வந்தா பிரச்சினை இல்லைன்னு அர்த்தமாகாது. ரத்தசோகையும் தைராய்டும் இல்லைன்னு டாக்டர்கிட்ட முதல்ல பார்த்துக்கிட்டோம்.

எனக்குப் பெரிய கவலை வலிமாத்திரைதான். மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கிட்டு ஓட வர்ற பையங்க நிறைய. கலிபோர்னியாவின் 160 கிலோமீட்டர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் ஆய்வாளர் டேவிட் நீமன் குழு ஆராய்ந்தபோது, இபுபுரூஃபன்ங்கிற வலிமாத்திரை போட்டவங்களுக்கு வலி குறைஞ்சபாடில்லை, அழற்சிக் குறிகள்தான் மற்றவங்களைவிட அதிகமா இருந்தன.

இப்போ அவனுக்கு ஓட்டம் சுத்தமா கிடையாது. காலையில் வயிறு நிறைய இட்லி, நல்ல தூக்கம். நாடி மெல்ல இறங்குது. இந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு அவன் பெயரைக் கொடுக்கலைன்னு அவன் அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.