தட்டைத் திருப்பினால் சோறு

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்று சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றேன். மனைவி எதுவும் போடவில்லை. தட்டைப் பிடித்து அப்படியே திருப்பி வைத்தாள். பாதித் தட்டுச் சோறும் அவரைக்காய்ப் பொரியலும் முளைத்து வந்தன. வித்தை காட்டுகிறாள் என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

எனக்குப் பக்கவாதம் வந்தது மூளையின் வலப்பக்கத்தில். கைகால் பலவீனம் போக, இடப்பக்கம் என்ற ஒன்றே என் கவனத்தை விட்டு நழுவிப் போயிருந்தது. இடது கன்னத்தைச் சவரம் செய்ய மாட்டேன், செய்யவில்லை என்றும் தெரியாது. கண் கோளாறு என்று ஒரு கடையில் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள். காசு போனதுதான் மிச்சம்.

அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு தாள் நிறையச் சின்னக் கோடுகள் போட்டு, எல்லாவற்றையும் பேனாவால் குறுக்கே அடிக்கச் சொன்னார். வலப்பக்கத்தை அடித்துவிட்டுப் பேனாவை வைத்தேன். அவர் மேஜையில் ஓங்கித் தட்டி, "சார், கவனிங்க!" என்றார். தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தால் இடப்பக்கம் இன்னும் ஏழெட்டுக் கோடுகள்!

கண் பார்த்தாலும் மூளை விழிப்பாக இருந்தால்தான் ஏறும் என்றார் அவர். அந்த விழிப்பைத் தாங்கிப் பிடிப்பதில் வலப்பக்க மூளைக்குத்தான் பெரிய பங்காம். 1998-ல் இயன் ராபர்ட்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் என்னைப் போன்றவர்களைச் சோதித்து நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியிருக்கிறார்கள். இடப்பக்கம் நடப்பது இவர்களுக்கு வலப்பக்கத்தைவிடச் சுமார் அரை நொடி பிந்தித்தான் உறைக்கிறது. முன்கூட்டி ஒரு சத்தம் எழுப்பினால் அந்தத் தாமதம் போய்விடுகிறது. சத்தம் இடப்பக்கமிருந்துதான் வரவேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் பலன் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அதனால் என்னை நானே தட்டி எழுப்பப் பழக்கினார். வலது கையால் தொடையில் ஒரு அடி, "கவனி" என்று உரக்க ஒரு சொல். பிறகு முணுமுணுப்பு. கடைசியில் மனசுக்குள் மட்டும். உரக்கச் சொன்ன நாட்களில் பேரன் என்னோடு சேர்ந்து கத்துவான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி உருப்படவே இல்லை. காலை பத்து மணிக்கு மாற்றினோம். ஜலதோஷத்துக்கு, தூக்கம் வரவைக்கும் செட்ரிசின் மாத்திரை ஒன்று போட்ட அன்று மறுபடி பாதித் தட்டு. உறவுக்காரர்கள் கூடிக் கூச்சல் போட்டாலும் அதே கதிதான். படபடப்பு ஏறினால் எந்தப் பக்கமும் பிடிபடாது. குக்கர் விசில் மட்டும் அளவான மருந்து.

இப்போது தட்டை நானே திருப்பிப் பார்க்கிறேன். நேற்று ஒரு அப்பளம் கிடைத்தது.