கடலூரும் பாகூரும் ஒரே அட்டவணையில்: மர வடிவத் தரவைச் சேமித்த அனுபவம்

கடலூரில் பைப், பம்புசெட் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதைப் பராமரித்தும் வருகிறேன். அவருடைய சரக்கு தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வரையிலும், வடக்கே பாகூர், வில்லியனூர் வரையிலும், அவ்வப்போது காரைக்காலுக்கும் போகிறது. பழைய மென்பொருளில் வாடிக்கையாளரின் ஊரைக் குறிக்க மாநிலம், மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம் என்று ஐந்து பத்திகள் ஒதுக்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டு ஊர்களுக்கு அந்த ஏற்பாடு சரியாகவே இருந்தது. புதுச்சேரி ஊர்களில்தான் அது நொண்டியது. அங்கும் வருவாய்த் துறைக்குத் தாலுகா உண்டு என்றாலும், கடைக்காரரும் வண்டிக்காரரும் பிரெஞ்சுக் காலத்திலிருந்து வரும் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவின் கணக்கில்தான் ஊரைச் சொல்கிறார்கள். பகுதி, கொம்யூன், ஊர் என்று மூன்றே படிகள் உள்ள ஒரு முகவரியை ஐந்து கட்டங்களில் நிரப்பச் சொன்னால் பில் போடுபவர் என்ன செய்வார்? ஒரு கட்டத்தில் கோடு போட்டிருந்தார்கள், இன்னொன்றில் ‘பாண்டி’ என்று எழுதியிருந்தார்கள், சிலவற்றில் கொம்யூன் பெயரே வட்டத்திலும் குறுவட்டத்திலும் இரண்டு முறை இருந்தது.

இது வெறும் அழகுப் பிரச்சினையாக இருந்திருந்தால் விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் வரி இதைப் பொறுத்தது. ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. கடலூர்க் கிடங்கிலிருந்து ரெட்டிச்சாவடிக்குப் போகும் பைப்புக்கு மத்திய வரி, மாநில வரி என இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். அதே சாலையில் எல்லையைத் தாண்டி கிருமாம்பாக்கத்தில் இறக்கினால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும். பதிவு பெற்ற கடை என்றால் அதன் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே மாநிலத்தைச் சொல்லிவிடும். நேரடியாக வாங்கி நிலத்தில் இறக்கச் சொல்லும் விவசாயிக்கு அப்படி ஓர் எண் கிடையாது. ஊர் பெயரை வைத்துத்தான் மாநிலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அஞ்சல் குறியீட்டை நம்பவும் வழியில்லை. அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா ஒருநாள் பாகூர் பில்லைக் காட்டி, “தம்பி, பின்கோடு 607-ன்னு இருக்கே, அப்ப நம்ம மாவட்டம்தானே, எப்படி ஐஜிஎஸ்டி விழுது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரின் அஞ்சல் குறியீடும் கடலூரைப் போலவே 607 என்றுதான் தொடங்குகிறது.

ஆகவே ஐந்து பத்திகளையும் எடுத்துவிட்டு, ‘இடம்’ என்ற ஒரே அட்டவணையை அமைத்தேன். அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் (இங்கே வரி என்பது வரிசை, டாக்ஸ் அல்ல) ஓர் எண், ஒரு பெயர், வட்டமா கொம்யூனா கிராமமா என்று சொல்லும் ‘வகை’, அதற்கு நேர்மேலே உள்ள இடத்தின் எண்ணைத் தாங்கும் ‘மேலிடம்’ ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய உச்சி வரிகளுக்கு மேலிடம் காலியாக இருக்கும். மாநிலக் குறியீடு அந்த இரண்டு வரிகளில் மட்டும் இருக்கும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் மரத்தைத் தரவுத்தளத்தில் வைக்கும் வழிகளில் மிகப் பழையதும் எளியதும் இதுதான். ஒரு ஊர் இரண்டு வட்டங்களுக்குக் கீழே இருப்பதுபோல் எழுதவே முடியாது என்பதும், இல்லாத மேலிடத்தைக் குறிப்பிட்டால் ஃபாரின் கீ (அட்டவணையில் உண்மையில் இருக்கும் எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டுப்பாடு) மறுத்துவிடும் என்பதும் இதன் பலம்.

பலவீனம் வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. பழைய மென்பொருள் மைஎஸ்கியூஎல் 5.7 என்ற தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வினவல் தன் விடையையே மீண்டும் உள்ளீடாக எடுத்துக்கொண்டு படிப்படியாக மேலே ஏறும் வசதி, வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையில் 1999-லேயே வந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் அதை 2009-இல் 8.4 பதிப்பில் கொண்டுவந்தது. மைஎஸ்கியூஎல்லுக்கோ 2018-இல் வெளியான 8.0 வரை அது இல்லை. அந்த வசதி இல்லாத இடத்தில், ஓர் ஊரின் மாநிலத்தை அறிய நிரலிலிருந்து ஒவ்வொரு படிக்கும் ஒரு வினவல் அனுப்ப வேண்டும். ஒரு பில்லுக்கு அது பரவாயில்லை. மாதக் கடைசியில் எல்லா பில்களையும் வட்டவாரியாகத் தொகுக்கும்போது தாங்காது. எப்படியும் 5.7-ஐ விட்டு நகர்ந்தாக வேண்டிய நேரம் வந்திருந்ததால், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாறுவதென்று முடிவு செய்தேன்.

அப்படிப் படிப்படியாக ஏறும் ‘வித் ரிகர்ஸிவ்’ வினவலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. தொடக்கப் பகுதி கிருமாம்பாக்கத்தின் வரியை மட்டும் எடுக்கிறது. அடுத்த பகுதி, சற்றுமுன் கிடைத்த வரியின் மேலிட எண்ணைக் கொண்டு அட்டவணையில் தேடி, பாகூர் கொம்யூனைக் கொண்டுவருகிறது. மறு சுற்றில் புதுச்சேரிப் பகுதி, அதற்கடுத்த சுற்றில் 34 என்ற குறியீட்டைத் தாங்கிய உச்சி வரி. உச்சிக்கு மேலிடம் இல்லாததால் அடுத்த சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் வினவல் தானே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு முந்தைய சுற்றில் வந்த வரிகள் மட்டுமே பார்க்கப்படுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது. ரெட்டிச்சாவடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு இதே வினவல் குறுவட்டம், வட்டம், மாவட்டம் என ஒரு படி கூடுதலாக ஏறி 33-ஐத் தொடுகிறது. படிகளின் எண்ணிக்கை வேறுபடுவதைப் பற்றி வினவலுக்குக் கவலையே இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபாரின் கீ வைத்த பத்திக்கு மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி தானாகவே இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் குறிப்பு) போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் போடாது, நாம்தான் போட வேண்டும். மேலிடப் பத்தியில் இன்டெக்ஸ் இல்லாவிட்டால், கீழ்நோக்கி இறங்கும் வினவல் ஒவ்வொரு சுற்றிலும் அட்டவணை முழுவதையும் புரட்டும். இன்னொன்று, முழு மரத்தையும் விரிக்கும் வினவலை ஒரு வியூவாக (பெயர் சூட்டிச் சேமித்த வினவலாக) எழுதிவைத்து, வெளியே நின்று ‘எனக்கு இந்த ஊர் மட்டும் போதும்’ என்று வடிகட்டுவது. அந்த நிபந்தனை சுற்றுக்குள்ளே போவதில்லை. முழு மரமும் கணக்கிடப்பட்ட பிறகே மற்றவை தள்ளப்படும். நிபந்தனையைத் தொடக்கப் பகுதியிலேயே வைக்க வேண்டும்.

பில் போடும் வேலைக்கு இது போதுமானதாக இருந்தது. அறிக்கைகளுக்குத்தான் வேறு வழிகளையும் எடைபோட்டுப் பார்த்தேன். ஜோ செல்கோ பரவலாக்கிய நெஸ்டட் செட் முறையில் ஒவ்வொரு வரிக்கும் இடது எண், வலது எண் என இரண்டு எண்கள் தரப்படுகின்றன. உச்சியில் உள்ள புதுச்சேரி 1, 10; அதன் கீழ் புதுச்சேரிப் பகுதி 2, 7; அதற்குள் பாகூர் 3, 4; வில்லியனூர் 5, 6; பிறகு காரைக்கால் 8, 9 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இடத்துக்குக் கீழே உள்ளவை அனைத்தையும் எடுக்க, அதன் இரு எண்களுக்கு இடையே இடது எண் விழும் வரிகளைக் கேட்டால் போதும். எத்தனை இடங்கள் உள்ளன என்பதை வலதிலிருந்து இடதைக் கழித்து, ஒன்றைக் குறைத்து, இரண்டால் வகுத்து, அட்டவணையைத் தொடாமலே சொல்லிவிடலாம். படிப்பதற்கு இது மிக வேகமான வழி. ஆனால் பாகூருக்குக் கீழே கிருமாம்பாக்கத்தைச் சேர்த்தால் அதற்கு 4, 5 என்று எண் தர வேண்டும். உடனே பாகூர் 3, 6 ஆகிறது, வில்லியனூர் 7, 8 ஆகிறது, புதுச்சேரிப் பகுதி 2, 9, காரைக்கால் 10, 11, உச்சி 1, 12. ஒரு ஊரைச் சேர்க்க ஏற்கெனவே இருந்த ஐந்து வரிகளும் மாறிவிட்டன. பில் போடும் மேசையில் இருவர் ஒரே நேரத்தில் புது ஊர்களைச் சேர்க்கும் கடையில் இதை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

உச்சியிலிருந்து வரும் பாதையை ‘2/14/31/’ என்று எழுத்துச்சரமாக ஒவ்வொரு வரியிலும் வைக்கும் முறை பார்க்கச் சுலபமானது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அதற்கென்றே எல்ட்ரீ என்ற நீட்சியும் உண்டு. கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டு ‘2/1’ என்று தொடங்குபவற்றைத் தேடினால் ‘2/14’-உம் சேர்ந்து வரும் என்பதையும், எழுத்துச்சரமாக வரிசைப்படுத்தினால் 10 என்பது 2-க்கு முன்னால் நிற்கும் என்பதையும் நினைவில் வைத்திருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் ஒவ்வாதது வேறு: பாதையின் நடுவில் இருக்கும் எண் உண்மையில் இருக்கும் ஓர் இடத்தைத்தான் குறிக்கிறது என்பதற்கு எந்த ஃபாரின் கீயும் உத்தரவாதம் தராது.

கடைசியில் மேலிடப் பத்தியை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு க்ளோஷர் டேபிளை, அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் அதன் மேலே உள்ள எல்லா இடங்களையும் எழுதிவைக்கும் அட்டவணையைச் சேர்த்தேன். அதில் மூதாதை, வழித்தோன்றல், தூரம் என மூன்றே பத்திகள். கிருமாம்பாக்கத்துக்கு அதில் நான்கு வரிகள் இருக்கும்: தன்னோடு தூரம் 0, பாகூரோடு 1, புதுச்சேரிப் பகுதியோடு 2, உச்சியோடு 3. தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஐந்து வரிகள். வட்டவாரி விற்பனைக்கு பில் அட்டவணையை இதனோடு ஒரே ஒரு ஜாயின் (இரண்டு அட்டவணைகளின் இணைப்பு) செய்தால் முடிந்தது. சுற்று, ஏற்றம் எதுவும் தேவையில்லை. வரிகள் பெருகிவிடும் என்று இந்த முறையைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். கடலூர் மாவட்டத்தின் 683 கிராம ஊராட்சிகளையும் உள்ளிட்டாலும் தலைக்கு ஐந்து வரி என்றால் மூவாயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கிவிடுகிறது. இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆழமான மரங்களுக்குத்தான் அந்தக் கவலை. நிர்வாக மரங்கள் அகலமானவை, ஆழமானவை அல்ல.

இதைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஜாயின் செய்த பிறகு எந்த மூதாதை என்று கட்டுப்படுத்தாமல் தொகையைக் கூட்டினால், ஒரே பில் கிராமத்துக்கு ஒரு முறை, குறுவட்டத்துக்கு ஒரு முறை என்று உச்சி வரை திரும்பத் திரும்ப எண்ணப்படும். அந்தக் கட்டுப்பாட்டைத் தூரத்தைக் கொண்டு செய்யவும் முடியாது. தமிழ்நாட்டில் கிராமத்திலிருந்து இரண்டு படி மேலே இருப்பது வட்டம். புதுச்சேரியில் இரண்டு படி மேலே இருப்பது பகுதி. ‘வகை’ என்ற பத்தியை முதலிலேயே வைத்தது இதற்காகத்தான்: தமிழ்நாட்டில் வட்டம், புதுச்சேரியில் கொம்யூன் அல்லது நகராட்சி என்று வகையால் வடிகட்டினால், வியாபாரி மனத்தில் உள்ள பிரிவுகள் அப்படியே அறிக்கையில் வந்துவிடுகின்றன.

க்ளோஷர் டேபிளைச் சரியாக வைத்திருக்க டிரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) எழுதுவதே வழக்கம். நான் எழுதவில்லை. எந்த ஒரு மேலிடம் மாறினாலும், அதே (முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத) டிரான்ஸாக்‌ஷனுக்குள் க்ளோஷர் டேபிளை முழுவதும் காலி செய்து, ரிகர்ஸிவ் வினவலால் மறுபடி நிரப்பிவிடுகிறேன். சில ஆயிரம் வரிகளுக்கு அது கண் இமைக்கும் நேரம். லட்சக்கணக்கான கணுக்கள் உள்ள மரத்துக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் சிறிய மரத்துக்கு, நகர்த்தப்பட்ட கிளையின் வரிகளை மட்டும் நீக்கிச் சேர்க்கும் நுணுக்கமான நிரலைவிட இது நம்பகமானது. உண்மை மேலிடப் பத்தியில் மட்டுமே இருக்கிறது, மற்றது அதன் நகல் என்ற நிலை எந்தக் குழப்பத்திலும் கலையாது.

வட்டச்சுழலைத் தடுப்பதற்குத் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. வட்டத்தின் மேலிடமாக அதற்குக் கீழே உள்ள குறுவட்டத்தையே யாராவது தேர்ந்தெடுத்துவிட்டால் வினவல் நிற்காமல் சுழலும். வினவலின் இரு பகுதிகளையும் இணைக்கும் யூனியன் ஆல் என்பதற்குப் பதில் யூனியன் என்று எழுதினால் திரும்ப வரும் வரி தள்ளப்பட்டு நின்றுவிடும் என்பது பாதி உண்மை. வரியோடு தூரத்தையும் சுமந்து சென்றால் ஒவ்வொரு சுற்றிலும் தூரம் மாறுவதால் இரண்டு வரிகள் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. 2021-இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 14-இல் இதற்கென்றே சைக்கிள் என்ற சொற்றொடர் இருக்கிறது, அதைச் சேர்த்துவிட்டேன். எழுதும்போதும், புதிய மேலிடம் நகரும் கிளைக்குள்ளேயே இருக்கிறதா என்று க்ளோஷர் டேபிளைப் பார்த்து மறுக்கிறேன். ஒரே நேரத்தில் ஒருவர் அ-வை ஆ-வுக்குக் கீழும், மற்றவர் ஆ-வை அ-வுக்குக் கீழும் நகர்த்தினால் இரண்டு சோதனைகளும் தனித்தனியே தேறிவிடும் என்பதால், நகர்த்தும் வேலைக்கு மட்டும் அட்டவணைக்கே பூட்டுப் போடுகிறேன்.

பெயர் வரிசையைப் பற்றி ஒரு வரி. யூனிகோடு எண்வரிசையில் ன என்பது ப-வுக்கு முன்னாலும், ற என்பது ல-வுக்கு முன்னாலும் வந்துவிடுவதால், ஊர்ப் பட்டியல் அகராதி வரிசையில் இருக்காது. ஐசியூ என்ற மொழி நூலகத்தின் தமிழ் கொலேஷனை (எழுத்து வரிசை விதியை) பெயர்ப் பத்திக்கு வைத்ததும் அது சரியாகிவிட்டது.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு எதிர்பார்த்திருந்த சோதனை வந்தது. ஸ்ரீமுஷ்ணம் காட்டுமன்னார்கோயில் வட்டத்திலிருந்து பிரிந்து தனி வட்டமானது எப்போதோ நடந்துவிட்டது. வியாபாரியின் பட்டியலில்தான் அது இன்னும் பழைய இடத்திலேயே இருந்தது. புது வட்டத்துக்கு ஒரு வரி சேர்த்து, அதற்குள் வர வேண்டிய குறுவட்டங்களின் மேலிடத்தை மாற்றியதும், கிராம வரிகளைத் தொடாமலே கிளை முழுவதும் நகர்ந்தது. போடப்பட்ட பில்கள் எதுவும் அசையவில்லை, ஏனென்றால் மாநிலக் குறியீட்டை பில் போடும் நேரத்திலேயே பில்லுக்குள் நகலெடுத்து வைத்துவிடுகிறேன். வரி ஆவணம் மரத்தின் இன்றைய நிலையைப் பார்த்து மாறக் கூடாது. ஆனால் போன ஆண்டு அறிக்கையை மறுபடி எடுத்தபோது காட்டுமன்னார்கோயில் விற்பனை குறைந்தும், அப்போது பட்டியலில் இல்லாத ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு தொகையும் வந்தன. மேலிட உறவைத் தனி அட்டவணைக்கு மாற்றி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இரண்டு பத்திகள் சேர்த்தால் பழைய மரத்தையும் மீட்கலாம். அக்காவிடம் கேட்டேன். “இந்த வருஷத்தோட போன வருஷத்தை ஒப்பிடணும்னா ரெண்டும் ஒரே மாதிரி பிரிஞ்சிருந்தாத்தான் தம்பி வசதி, பழசு வேணும்னா பிரிண்ட் எடுத்த ஃபைல் இருக்கு” என்றார். தேதிப் பத்திகளை இன்னும் சேர்க்கவில்லை.