தோல் முறுகிய பாரை, ஒரே தாச்சியில்

இந்த முறை வந்துவிட்டது. பாரைத் துண்டின் தோல் ஒரு கிழிசல் இல்லாமல், அப்பளம் மாதிரி முறுகி, தட்டகப்பையை அடியில் கொடுத்ததும் கழன்று வந்தது. தாச்சியில் பிடித்த தோலைச் சுரண்டிச் சுரண்டி அலுத்தவர்களுக்கு இந்தச் சந்தோசம் விளங்கும். வழக்கமாகத் தோலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற பிள்ளைகள், அதற்காகவே சண்டை பிடித்தார்கள்.

வேலைநாளில் மீனும் மரக்கறியும் ஒரே தாச்சியில் என்பது 2022 இல் பழகியது. 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஒரு அடுப்பு, ஒரு சட்டி என்று சமைத்தோம். காஸ் தாராளமாக வந்த பிறகும் நான் விடவில்லை. பின்னேரம் வேலையால் வந்து குழம்பு, பொரியல், பால்கறி என்று மூன்று சட்டி வைத்து, பிறகு மூன்றையும் கழுவ எனக்கு மனம் இல்லை. பாணோ இடியப்பமோ கடையில் வாங்கினால், மிச்சம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

எல்லாம் ஈரத்தில்தான் இருக்கிறது. தோலில் தண்ணீர் இருக்கும் வரைக்கும் அதன் சூடு 100 பாகையைத் தாண்டாது. தாண்டாவிட்டால் தோல் அவியுமே தவிர முறுகாது, அவிந்த தோல் இரும்பை விட்டு வராது. துணியால் எவ்வளவு ஒற்றினாலும் உள்ளே ஊறியிருக்கிற ஈரம் போவதில்லை. அதற்கு நேரம் வேண்டும். வேலைக்குப் போகிற ஆளுக்கு அந்த நேரம் சும்மாவே கிடைக்கிறது! காலையில் மீன் வாங்கி, கழுவி, ஒற்றி எடுத்து, அரைக் கிலோவுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புத் தடவி, கம்பித் தட்டில் தோல் மேலே இருக்க அடுக்கி, மூடாமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், பிரிட்ஜின் காய்ந்த காற்று அதைக் கொண்டுபோகும். பின்னேரம் வந்து தொட்டால் தோல் விரலில் ஒட்டாது, வலித்து இறுகி நிற்கும். கீழ்த்தட்டு என்பது முக்கியம், மீன் தண்ணீர் வேறு சாப்பாட்டில் சொட்டக்கூடாது. தயிர்ச் சட்டியையும் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மீன் வாடை ஏறிவிடும்.

சூரைக்கும் கும்பிளாவுக்கும் இதில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வகை மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது; முகம் சிவந்து, கடி, தலையிடி என்று வரும். வாங்கும்போதே ஐஸில் இருந்ததா என்று பார்த்து, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, 4 பாகைக்கு மேல் போகாத பிரிட்ஜில் வைக்க வேண்டும். வழியில் வேறு அலுவல் இருந்தால் அன்றைக்குச் சூரை வேண்டாம்.

கறித்தூள், மஞ்சள் விசயத்தில் அம்மாவோடு இன்னும் வாக்குவாதம்தான். "மஞ்சள் பூசாத மீனை நான் வாயில வைக்கமாட்டன்" என்பார். பூசுகிறேன், ஆனால் சதைப் பக்கம் மட்டும். வறுத்து இடித்த எங்கள் தூள் ஏற்கெனவே கறுப்பேறியது. சூடான இரும்பில் தோலுக்கு முன்னம் அது கருகிக் கைக்கும். தோல் பக்கத்துக்கு உப்பைத் தவிர ஒன்றும் வேண்டாம்.

தாச்சி தட்டை அடி இரும்புத் தாச்சி. இதற்கு முன் நல்ல விலை கொடுத்து ஒரு நொன்ஸ்ரிக் வாங்கினேன், கெதியிலேயே பூச்சு உரியத் தொடங்கியது. கொண்டுபோய்க் காட்டினால் "நீங்கள் கரண்டி பாவித்திருப்பீர்கள்" என்றார்கள். மரத்தகப்பையைத் தவிர வேறு எதுவும் அதில் பட்டதில்லை. இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை. இரும்பு என்றால் எண்ணெய் தடவிச் சுடச்சுட மெருகு ஏறும். பழப்புளியையும் தக்காளியையும் மட்டும் அதில் நீளமாகக் கொதிக்கவிடக்கூடாது, மெருகு போய்விடும், கறியிலும் இரும்பு வாடை வரும். அதனால் புளிப்புக்குத் தேசிக்காய், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு.

சூட்டுக்குத் தண்ணீர்ச் சொட்டுதான் அளவு. சீறி ஆவியானால் போதாது, உருண்டையாகி ஓடித் திரிய வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் தேங்காயெண்ணெய் ஊற்றினால் குசினி முழுக்கப் புகை. செக்கெண்ணெய் 175 பாகை அளவிலேயே புகையத் தொடங்கும். சொட்டு ஓடியதும் நெருப்பைக் குறைத்து, கொஞ்சம் பொறுத்து எண்ணெயை விட்டு, உடனே மீன், தோல் கீழே. தோல் சுருங்கித் துண்டு வில்லாக வளையும், அந்தக் கணத்தில் தட்டகப்பையால் முழுத் துண்டும் படிய அமத்திப் பிடிக்க வேண்டும். பிறகு தொடவே கூடாது. ஓரத்தைப் பாருங்கள், கண்ணாடியாக இருந்த சதை கீழே இருந்து மேலே வெளுத்துக்கொண்டு வரும். முக்கால் உயரம் வெளுத்ததும் கழற்றிப் பாருங்கள். வரமறுத்தால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள், இழுக்க வேண்டாம்.

மீன் திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் கரைக்கு வருவதைக் காலையில் வாங்குகிறேன். வெட்டுகிற அண்ணன் "கறிக்கோ, பொரியலுக்கோ?" என்று கேட்டுக்கொண்டே வட்டமாகத் துண்டு போட்டுவிடுவார், சொல்ல முந்த வேண்டும். "அண்ணன், தோலோட, முள்ளுக்கு ரெண்டு பக்கமும் நீளமா எடுத்துத் தாங்க" என்றால், "என்ன பிள்ளை, ஹோட்டலுக்கோ?" என்று சிரித்தாலும் வடிவாக எடுத்துத் தருவார். பாரைக்கு வால் பக்கம் பக்கவாட்டில் ஓடுகிற முரட்டுச் செதில் வரிசையைச் சீவச் சொல்ல மறக்காதீர்கள், அது இருந்தால் தோல் தாச்சியில் படியாது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கடல் கொந்தளித்தால் பாரைக்கு விலை ஏறும், சில நாள் கிடைக்கவே கிடைக்காது. அந்த மாதங்களுக்குக் கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவை இதே முறையில் பார்க்க யோசனை. தோல் தடிப்பு, முறுகுவதற்கு நல்லது என்று நினைக்கிறேன். கணவாயும் மனதில் இருக்கிறது, ஆனால் அது விடுகிற தண்ணீருக்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

மரக்கறிக்கு வருகிறேன். மீனை எடுத்துத் தட்டில் தோல் மேலே வைத்துவிட்டு, அதே எண்ணெயில் நிலாவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் பாதியாக வெட்டியது, உள்ளி, கறிவேப்பிலை, இரண்டங்குல நீளத்தில் பயித்தங்காய். இப்போதுதான் தூள் போடுவேன். கறிமிளகாய் கடைசியில். கட்டித் தேங்காய்ப்பால் மூன்று மேசைக்கரண்டி விட்டு, இரண்டு நிமிடம் மூடி, திறந்து பால் வற்றியதும் மீனை மரக்கறியின் மேல் தோல் மேலே இருக்க வைத்தால், மிச்சக் கால் பங்கும் அந்த ஆவியில் வெந்துவிடும். அதற்குப் பிறகு மூடி போட்டால் அவ்வளவு பாடும் வீண், தோல் நமுத்துவிடும்.

பயித்தங்காய் சரி, கத்தரிக்காய் எண்ணெயை முழுக்கக் குடித்தாலும் உருசி சரி. வெண்டிக்காய்தான் வழிக்கு வரவில்லை. காய்ந்த கத்தியால் வெட்டி, தண்ணீர் படாமல், நெருப்பைக் கூட்டிப் போட்டும், பால் பட்டவுடன் வழுவழுக்கிறது. வெட்டுவாயால்தானே அது வெளியே வருகிறது. அடுத்த கிழமை காம்பை மட்டும் சீவி, பிஞ்சு வெண்டிக்காயை முழுதாகவே போட்டுப் பார்க்கப் போகிறேன், அன்றைக்குப் பால் இல்லை, தேசிக்காய் மட்டும்.